உங்க வார்டு செய்தியை யார் எழுதுவது?

நாலே நாலு கேள்வி. உங்கள் வார்டு கவுன்சிலரின் பெயர் என்ன? உங்கள் தெருவின் மழைநீர் வடிகாலைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள்? அதற்கு எவ்வளவு செலவானது? உங்கள் பகுதி சபைக் கூட்டம் கடைசியாக எங்கே நடந்தது?

முதல் கேள்வியிலேயே பலர் தடுமாறுவார்கள். அமெரிக்க அதிபர் நேற்று என்ன சொன்னார், டெல்லியில் எந்த மசோதா வருகிறது, எந்தக் கட்சி யாரோடு கூட்டணி பேசுகிறது என்பதெல்லாம் போனில் வந்துகொண்டே இருக்கிறது. வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையின் கணக்கு மட்டும் வருவதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆர்வம் இல்லாததால் தெரியாமல் போகவில்லை. அதை எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வார்டுக்கும், ஒவ்வொரு ஊராட்சிக்கும் அப்படி ஓர் ஆள் தேவை. கட்சிக்காரராக இல்லாமல், கான்ட்ராக்டரிடம் கை நீட்டாமல், கூட்டத்தில் போய் உட்கார்ந்து, கேட்டதைக் குறித்துவந்து, விடாமல் எழுதுகிற ஒருவர். இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஆனால் சில விஷயங்கள் கண்டிப்பாகத் தேவை. அவை என்னென்ன, இதில் உள்ள ஆபத்து என்ன, யாருடைய பொறுப்பு எது என்று பார்ப்போம்.

பக்கத்தில் இருக்கும் அரசு, எட்டாத செய்தி

1992-ல் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்கள்தான் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசியலமைப்பு அந்தஸ்து கொடுத்தன. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சொத்துவரி, கட்டட அனுமதி, சுடுகாடு என்று ஒரு மனிதனின் அன்றாட வாழ்க்கையில் பாதி இந்த அடுக்கில்தான் முடிவாகிறது.

தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளில் உள்ள 12,838 வார்டு உறுப்பினர் பதவிகளுக்கானது. கிராம ஊராட்சிகள் தனியாக 12,000-க்கு மேல் இருக்கின்றன. இத்தனை மன்றங்களில் ஒரு மாதத்தில் நிறைவேறும் தீர்மானங்களில் எத்தனை செய்தியாகின்றன?

பத்திரிகைகளின் மாவட்டப் பக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு தாலுகாவுக்கு ஒரு நிருபர் என்பதே பல இடங்களில் அதிகபட்சம். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்தே தலையில் விழும். பொங்கல் வாழ்த்து விளம்பரத்துக்காக ஒரு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியவர், அதே கவுன்சிலரின் வார்டு டெண்டரைப் பற்றி எவ்வளவு எழுதிவிட முடியும்? தப்பு அந்த நிருபருடையது இல்லை. ஏற்பாடே அப்படி.

இன்னொரு உண்மையும் உண்டு. உள்ளாட்சியே இல்லாமல் போனால்கூட நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு, சென்னை மாநகராட்சிக்கு 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. அதிகாரிகளே எல்லாவற்றையும் முடிவு செய்தார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு சட்டமன்றம் அஞ்சு வருஷம் இல்லாமல் இருந்தால் நாடே பேசும். வார்டு மன்றம் இல்லாதது டீக்கடைப் பேச்சுகூட ஆகவில்லை.

யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம். மக்கள்தொகை 40,000-க்கும் குறைவு. பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். அந்த நகர நிர்வாகத்தைத் தொடர்ந்து கவனித்து எழுதும் உள்ளூர்ப் பத்திரிகை எதுவும் இல்லை. 2010-ல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நிருபர்கள் அந்தப் பக்கம் போய் ஆவணங்களைக் கேட்டபோதுதான் தெரிந்தது: நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர். பகுதிநேர வேலை பார்த்த கவுன்சிலர்கள்கூட ஒரு லட்சம் டாலரை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திக்கு 2011-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ரிசோ 2014-ல் சிறைத்தண்டனை பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது சம்பளத் தொகையை அல்ல. அந்தச் சம்பளம் பல வருஷமாகப் படிப்படியாக ஏறியது. மன்றக் கூட்ட அறைக்குள் ஒரு நோட்டும் பேனாவுமாக யாராவது வாரம்தோறும் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பதுதான் கேள்வி.

பணக் கணக்காகவே இதை அளந்தவர்களும் இருக்கிறார்கள். பெங்ஜி காவ், சாங் லீ, டெர்மட் மர்ஃபி என்ற மூன்று நிதியியல் ஆய்வாளர்கள், அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்ட இடங்களில் உள்ளாட்சிகள் வாங்கும் கடனுக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். வட்டிச் செலவு 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது. கேட்க அற்பமாகத் தோன்றும். கோடிக்கணக்கான கடனுக்கு, ஆண்டுக்கணக்கில் அதைப் பெருக்கினால் அற்பம் இல்லை. கட்டுபவர் வரி செலுத்தும் சாதாரண ஆள். கண்காணிப்பு இல்லாத நிர்வாகத்தைக் கடன் கொடுப்பவர்கள்கூட நம்புவதில்லை என்பதே இதன் அர்த்தம்.

நம்ம ஊரில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலின ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். கூட்டம் நடந்தது 2020 ஜூலையில். வெளியுலகத்துக்குத் தெரிந்தது அக்டோபரில், ஒரு புகைப்படம் பரவிய பிறகு. அதன் பிறகுதான் வழக்கு, ஊராட்சிச் செயலர் மீது நடவடிக்கை எல்லாம். அந்தப் படம் வெளிவராமல் இருந்திருந்தால்? படம் எடுக்கப்படாத ஊராட்சிகள் எத்தனை?

கணக்குக் கேட்பது புதுப் பழக்கம் இல்லை

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலை முறைக்காகப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. அது பிராமணர் சபை. நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். ஆகவே அதை இன்றைய ஜனநாயகம் என்று கொண்டாட முடியாது. ஆனாலும் விதியை ஊர் பார்க்கும் சுவரில் வெட்டிவைத்தார்கள் என்பது முக்கியம். கணக்குக் காட்டாதவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இன்று நாம் பயன்படுத்தும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேரும் உள்ளூரில்தான் இருக்கிறது. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராய், நிகில் டே உள்ளிட்டோர் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு, மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தது. செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரில் இல்லாதவர் பெயரில் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அங்கிருந்து கிளம்பிய போராட்டம்தான் 2005-ல் தேசியச் சட்டமாக முடிந்தது. இதற்கு முன்பே, 1997-ல், தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் ஏராளம் என்பது வேறு கதை.

சட்டம் யாருக்காக வந்தது என்பதை இது நினைவுபடுத்துகிறது. பெரிய ஊழலைத் தேடும் பெரிய நிருபருக்காக மட்டும் அல்ல. தன் கூலி எங்கே போனது என்று கேட்ட ஊர்க்காரருக்காக.

'வாட்ஸ்அப் குரூப் இருக்கே, போதாதா?'

அபார்ட்மென்ட் குரூப், தெரு குரூப், நலச்சங்க குரூப். தண்ணீர் லாரி வந்ததும் தெரிகிறது, கரன்ட் போனதும் தெரிகிறது. இதெல்லாம் பயனுள்ள வேலைதான். ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் புகார். புகாரும் செய்தியும் ஒன்றல்ல.

'ரோடு போட்டு மூணு மாசத்துல பேந்துபோச்சு, எல்லாம் கமிஷன்' என்பது புகார். எழுதியவருக்கு மனசு ஆறும். பதிலுக்கு இருபது கோபப் பொம்மைகள் வரும். மறுநாள் அது குட்மார்னிங் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும். 'இந்தச் சாலையின் பணி ஆணை இந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, ஒப்பந்ததாரர் இவர், பழுது வந்தால் இத்தனை காலத்துக்கு அவரே சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, உதவிப் பொறியாளரிடம் கேட்டபோது இப்படிச் சொன்னார்' என்பது செய்தி. இரண்டாவதை எழுத ஒரு வாரம் ஆகலாம். ஆனால் அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வருஷம் கழித்துத் தேடினாலும் அது கிடைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், குரூப்புக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. நலச்சங்கத்தில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர், தெருவோரம் கடை போட்டிருப்பவர், தூய்மைப் பணியாளர், பின் சந்தில் இருக்கும் குடிசைக்காரர் அதில் கிடையாது. 'நடைபாதைக் கடைகளை எடுக்கணும்' என்று குரூப் முழுக்க ஒரே குரலில் பேசும்போது, அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்பவர்தான் செய்தி எழுதுபவர்.

கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும்?

உள்ளூர்ச் செய்திக்கு ரகசிய ஆதாரங்கள் தேவைப்படுவது குறைவு. பெரும்பாலான தகவல் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே என்று தெரிந்தால் போதும்.

முதலில், கூட்டங்கள். கிராமசபை முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் நடந்தது. இப்போது மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாகிவிட்டது. நகரங்களுக்கு 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு வருபவர்கள் அல்ல, நியமிக்கப்படுபவர்கள். யாரை, எந்த அடிப்படையில் நியமித்தார்கள் என்பதே ஒரு நல்ல முதல் செய்தி.

இரண்டாவது, தீர்மானங்கள். எந்தக் கூட்டத்திலும் பேச்சு ஒன்றாக இருக்கும், தீர்மானப் பதிவேட்டில் இருப்பது வேறாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட, கூட்டத்தில் இருந்த ஒருவரால்தான் முடியும்.

மூன்றாவது, பணிகளின் ஆவணங்கள். மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை, அளவுப் புத்தகம். கடைசியாகச் சொன்னதைத்தான் கான்ட்ராக்டர்கள் 'எம் புக்' என்பார்கள். எத்தனை மீட்டர் வேலை முடிந்தது என்று பொறியாளர் அளந்து எழுதுவது அதில்தான். அதன்படிதான் பில் போகும். உதாரணத்துக்கு, எம் புக்கில் வடிகால் 120 மீட்டர் என்று இருந்து, தெருவில் டேப் பிடித்தால் 90 மீட்டர்தான் வருகிறது என்றால், அங்கே யாரையும் திட்ட வேண்டிய தேவையே இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும்.

இதையெல்லாம் கேட்டு வாங்கத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தச் சட்டத்தில் நகல் வாங்குவதோடு, பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது.

ஆவணம் கிடைத்ததும் எழுதிவிடக் கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும். கவுன்சிலரிடம், பொறியாளரிடம், ஒப்பந்ததாரரிடம். சில நேரம் நியாயமான விளக்கம் இருக்கும். மின்கம்பம் குறுக்கே வந்ததால் வேலை பாதியில் நின்றிருக்கலாம். மீதித் தொகை பில் ஆகாமலே இருக்கலாம். அந்த ஒரு போன் கால், பழி சுமத்துவதற்கும் செய்தி எழுதுவதற்கும் நடுவில் இருக்கும் கோடு.

ஊழலை மட்டும் எழுதினால் ஊர் படிக்காது

வாரா வாரம் குற்றம் மட்டும் எழுதுபவரை ஊர் சீக்கிரம் ஒதுக்கிவிடும். 'அவருக்கு வேற வேலையே இல்லப்பா' என்ற பெயர் வந்துவிடும். ஊர் வாழ்க்கை என்பது டெண்டர் மட்டும் இல்லையே. பஸ் ரூட் மாறியது, ரேஷன் கடையில் பருப்பு வந்தது, அரசுப் பள்ளி மாணவி மாநில அளவில் ஓடியது, ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாள், நாற்பது வருஷமாகத் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவர் இறந்தது. இதற்காகத்தான் ஆட்கள் முதலில் வருவார்கள். வந்தவர்கள்தான் டெண்டர் செய்தியையும் படிப்பார்கள், நம்புவார்கள்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு நடந்தவைதான் சென்னையின் பேட்டைப் பத்திரிகைகள். 1994-ல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் அதற்கு நல்ல உதாரணம். மாம்பலம் டைம்ஸ், அடையார் டைம்ஸ், அண்ணா நகர் டைம்ஸ் என்று இந்த வரிசை நீளும். அக்கம்பக்கத்துக் கடை விளம்பரத்தில் ஓடி, வாசலில் இலவசமாக வந்து விழுந்தவை. பெரிய பத்திரிகை திரும்பியே பார்க்காத குளத்தையும் பூங்காவையும் அவை எழுதின.

அவற்றின் பெயர்களையே கவனித்தால் குறையும் தெரியும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், விளம்பரம் கொடுக்கக் கடைகள் இருக்கும் வசதியான பேட்டைகளில் வந்தவை. வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் கண்ணகி நகருக்கும் யார் எழுதுவது? வெள்ளமும் சாம்பலும் எண்ணெயும் முதலில் வந்து சேரும் இடங்கள் அவைதானே.

அப்படிப்பட்ட இடத்திலும் முடியும் என்பதற்கு ஆதாரம் உத்தரப் பிரதேசத்தின் பின்தங்கிய பந்தேல்கண்ட் பகுதியில் இருக்கிறது. 2002-ல் சித்ரகூட்டில் தொடங்கிய 'கபர் லஹரியா', கிராமத்துப் பெண்கள், அவர்களில் பலர் தலித் பெண்கள், தாங்களே எழுதி நடத்திய செய்தி இதழ். வட்டார மொழியில், கை பம்பு, சாலை, ரேஷன், பெண்கள் மீதான வன்முறை என்று எழுதினார்கள். பிறகு போனும் வீடியோவுமாக மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. ஊடகப் படிப்பு, பெரிய முதலீடு, பெரிய நகரம் என எதுவுமே இல்லாமல் தொடங்கியவர்கள் அவர்கள்.

யாருக்கும் ஆள் இல்லை என்பதே மூலதனம்

உள்ளூரில் சுதந்திரமாக இருப்பது, தலைநகரில் சுதந்திரமாக இருப்பதைவிடக் கஷ்டம். அமைச்சரை விமர்சிப்பவர் அவரைத் தெருவில் சந்திப்பதில்லை. கவுன்சிலரை விமர்சிப்பவர் மறுநாள் காலையில் அதே பால் பூத்தில் நிற்பார். கவுன்சிலரின் மைத்துனர் பையன் நம் பையனோடு ஒரே வகுப்பில் படிப்பான். கல்யாண வீட்டில் எதிர் இலையில் உட்காருவார்.

கட்சி மட்டும் இல்லை, ஜாதியும் இங்கே கட்டும். 'நம்மாளைப் பத்தியே எழுதுறியே தம்பி' என்ற ஒரு வரி பல பேனாக்களை நிறுத்தியிருக்கிறது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலே ஒழுங்காக நடக்க முடியவில்லை. உள்ளூர் அரசியல் என்றால் சின்ன அரசியல் என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆகவே சில விதிகளை முதல் நாளே வெளிப்படையாக எழுதி வைப்பது நல்லது. கட்சிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் விளம்பரம் வாங்குவதில்லை. எழுதுபவருக்கோ குடும்பத்துக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அதைச் செய்தியிலேயே சொல்லிவிடுவது. தவறு வந்தால் அதே இடத்தில் திருத்தம் போடுவது. சொந்தக் கருத்து இருக்கலாம், இருக்கத்தான் செய்யும். அதைச் செய்திக்குள் கலக்காமல் தனியாக, கருத்து என்று சொல்லி எழுதினால் எதிர்த் தரப்பும் படிக்கும்.

தேர்தலில் நிற்கும் ஆசை உள்ளவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. சாக்கடையைப் பற்றி மூன்று வருஷம் எழுதிவிட்டு நான்காவது வருஷம் சுயேச்சையாக மனு போட்டால், எழுதியதெல்லாம் பிரசாரம் என்று ஆகிவிடும். அடுத்து எழுத வருபவரையும் ஊர் நம்பாது.

பயம் நியாயமானதுதான்

2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் முகேஷ் சந்திரகர் என்ற பத்திரிகையாளரின் உடல் ஒரு செப்டிக் டேங்கில் கிடைத்தது. 'பஸ்தர் ஜங்ஷன்' என்ற பெயரில் தனியாக யூடியூபில் செய்தி கொடுத்துவந்தவர். சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தியில் வேலை செய்தவர். அந்த டேங்க் இருந்தது ஒரு சாலை ஒப்பந்ததாரரின் இடத்தில். ஒப்பந்ததாரர் கைது செய்யப்பட்டார்.

அதே மாதம் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகள் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த முன்னாள் கவுன்சிலர் லாரி மோதி இறந்தார். அது கொலை என்று வழக்குப் பதிவாகி, குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். ஆகவே 'தைரியமா எழுதுங்க' என்று தூரத்தில் இருந்து சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1994-ல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டது. பொதுப் பதிவேடுகளில் இருப்பதை வெளியிடலாம். அரசு ஊழியர் தன் பதவிக் கடமை பற்றிய செய்திக்காக, அது தவறாகவே இருந்தாலும், நஷ்டஈடு கேட்க முடியாது; உண்மை பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதியதாக அவர் நிரூபித்தால் மட்டுமே முடியும். நியாயமான அளவுக்குச் சரிபார்த்ததை எழுதியவர் காட்டினால் போதும். தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று நாட்டுக்கே வாங்கிக்கொடுத்த பாதுகாப்பு இது.

ஆனால் குற்றவியல் அவதூறு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதாவின் 356-வது பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அதில் விதிவிலக்கு. அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியது எழுதியவர்தான். பல நேரங்களில் அந்த நடையே தண்டனை ஆகிவிடுகிறது.

அதனால்தான் இதைத் தனி ஆளாகச் செய்யக் கூடாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்வது, ஆவணங்களின் நகல் ஒருவருக்கு மேல் வைத்திருப்பது, மிரட்டல் வந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது, மணல், குவாரி, நிலம் போன்ற விஷயங்களில் பெரிய பத்திரிகை ஒன்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் வெளியிடுவது. தனி ஆளை அடக்கினால் செய்தி அடங்கும் என்ற கணக்கை உடைப்பதுதான் பாதுகாப்பு.

யார் என்ன செய்ய வேண்டும்?

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலையும் தீர்மானங்களையும் தமிழில், தேடக்கூடிய எழுத்தில், கூட்டத்துக்கு முன்பும் பின்பும் இணையத்தில் போட்டால் பாதி வேலை முடிந்தது. 2022-ல் புதிய மன்றங்கள் பதவியேற்ற சில வாரங்களிலேயே மாநிலம் முழுக்கச் சொத்துவரி உயர்ந்தது. அப்போது தன் கவுன்சிலர் மன்றத்தில் என்ன பேசினார் என்பதை இன்று எத்தனை பேரால் தேடி எடுக்க முடியும்? ஓட்டுப் போட்டவருக்கு அது தெரிய வேண்டாமா?

வாசகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தன் பகுதியைப் பற்றி யாராவது பொறுப்பாக எழுதினால், மாதம் ஒரு பிரியாணி விலையை அவருக்குக் கொடுக்கலாம். இருபது பேர் கொடுத்தால் தகவல் உரிமை விண்ணப்பங்களின் செலவு தீர்ந்தது. நூறு பேர் கொடுத்தால் கட்சிக்காரரின் விளம்பரம் தேவையில்லை. பணம் முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். ஐடி வேலையில் இருப்பவர் டெண்டர் பட்டியலை வார்டுவாரியாகப் பிரித்துத் தரலாம். சிவில் படித்தவர் மதிப்பீட்டைப் படித்துச் சொல்லலாம். வக்கீல் ஒருமுறை வரிவரியாகப் பார்த்துத் தரலாம். ஓய்வுபெற்றவர் கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுக்கலாம்.

எழுத நினைப்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு வார்டு, மாதம் ஒரு கூட்டம், ஒரு தகவல் உரிமை விண்ணப்பம், இரண்டு செய்தி. விடாமல் இரண்டு வருஷம் செய்தால், அந்த வார்டைப் பற்றி மாநகராட்சியிலேயே பலருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். முக்கியமாக, அடுத்த முறை எஸ்டிமேட் போடும் பொறியாளருக்கும் பில் போடும் ஒப்பந்ததாரருக்கும், 'இதை ஒருத்தர் படிப்பார்' என்ற நினைப்பு வந்திருக்கும். உள்ளூர்ச் செய்தியின் பெரிய பலன் வெளிவரும் ஊழலில் இல்லை. இந்த நினைப்பால் நடக்காமல் போகும் ஊழலில் இருக்கிறது. அதை எந்தப் பரிசும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புற மன்றங்களின் ஐந்து ஆண்டுகள் 2027 தொடக்கத்தில் முடிகின்றன. ஓட்டுக் கேட்டு வருபவர் செய்த வேலையின் பட்டியலை அவரே அச்சடித்துக் கொண்டுவருவார். அதைச் சரிபார்க்க ஊரிடம் வேறு ஒரு பட்டியல் இருக்குமா என்பது, அதற்குள் யாராவது எழுதத் தொடங்கியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.